கழுவிவைத்த தொழிற்சாலையும் கீழ் லயத்துத் தண்ணீரும்

நான் வேலைபார்த்த காப்புறுதிக் கம்பெனியில் இப்போது யாரும் தோட்டங்களுக்கு நேரில் போவதில்லையாம். தொழிற்சாலைக்காரரே கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவார். நுவரெலியாக் கிளையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அலுவலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 'சுற்றாடல் இடர்: குறைவு' என்ற கட்டத்தைத் தொடுவார். காப்புறுதி தயார். இதை எனக்குத் தொலைபேசியில் சொன்ன இளம் அலுவலர் நல்ல பிள்ளை. ஒரு வேண்டுகோளும் வைத்தார்.

"ஐயா, புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு கையேடு போடுறோம். உங்க அனுபவத்துல இருந்து ஒரு அஞ்சு பாயிண்ட் எழுதித் தாங்களேன். சுருக்கமா இருந்தா போதும்."

தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என்னிடம் ஐந்து பாயிண்ட் இல்லை. ஒரு கான் மட்டுமே இருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறமாகக் கழிவுத்தண்ணீர் இறங்கி ஓடும் கான். கையேட்டில் அதற்கு இடம் கிடைக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகவும் இருக்காது.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சொந்தக்காரர்களுக்கே அது கடைசிவரை விளங்கவில்லை. ஒரு வியாபாரம் தன் எண்ணெயாலோ மருந்தாலோ சாக்கடையாலோ அடுத்தவருடைய மண்ணையும் தண்ணீரையும் கெடுத்துவிட்டால், துப்புரவாக்கும் செலவையும் நட்டஈட்டையும் கட்டுவதற்கு ஒரு காப்புறுதி உண்டு. சுற்றாடல் பொறுப்புக் காப்புறுதி என்று பெயர். அதைக் கொடுக்கலாமா, கொடுத்தால் என்ன நிபந்தனையோடு கொடுக்கலாம் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. பெற்றோல் ஷெட், கராஜ், ஹோட்டல், மரக்கறி கழுவிப் பொதிசெய்யும் இடம், தேயிலைத் தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் முன்பக்கம் உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் எனக்குத் தெரியும். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குப் பூ பார்க்க வருகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அவர்கள் பூ பார்த்த அதே ஹோட்டலில் நான் பார்த்தது மலக்குழியின் மூடி.

தோட்டத்தில் பிறந்து, ஹட்டனில் படித்து, கொழும்பில் காப்புறுதிப் பரீட்சைகளில் தோற்றுத் தோற்று, கடைசியில் பரீட்சகர்களே களைத்துப்போய் என்னைத் தேர்ச்சியடைய விட்ட வரலாறு இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் தாங்காது.

மேலதிகாரி குணதிலக்க சாரை அப்படி ஒரு வாக்கியத்தில் அனுப்பிவிட முடியாது. கண்டிக்காரர். மெலிந்த மனிதர். குளிரானாலும் வெயிலானாலும் சாம்பல் நிற ஸ்வெட்டர். என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார். நான் இங்கே தமிழில் தருகிறேன். எங்கள் அறிக்கை எதையும் அவர் மனதுக்குள் வாசித்ததில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, எழுந்து நின்று, வாய்விட்டு வாசிப்பார். அதுவும் தன் குரலில் வாசிக்க மாட்டார். பிற்காலத்தில் ஏதாவது விபத்து நடந்து வழக்கு வந்து, எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் இந்த அறிக்கையை எடுத்து வாசித்தால் எப்படி வாசிப்பாரோ அந்தக் குரலில் வாசிப்பார். "தாங்கி... ஓரளவு... நல்ல நிலையில்... உள்ளது," என்று ஒவ்வொரு சொல்லையும் செத்த எலியைப் போல வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். பிறகு நம்மைப் பார்ப்பார். 'ஓரளவு' என்ற சொல்லை நான் என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எழுதியதில்லை. என் மனைவி சமையல் எப்படி என்று கேட்டால்கூட.

அவர் வைத்த ஒழுங்கு எளிமையானது. எந்த இடத்துக்குப் போனாலும் மூன்று கேள்வி. கெடுக்கக்கூடியது இங்கே என்ன இருக்கிறது? அது எந்த வழியாக வெளியே போகும்? போய் யாரிடம் சேரும்? முதல் கேள்விக்குப் பதில் கணக்குப்பிள்ளையிடம் இருக்கும். இரண்டாவதற்குக் கால் வேண்டும், கானோடு கூடவே இறங்கி நடக்க வேண்டும். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலான முதலாளிமார் கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நானுஓயாவில் ஒரு கராஜ் முதலாளி இருந்தார். நிலத்துக்குள் டீசல் தாங்கி வைத்திருந்தார். அது ஒழுகி, பக்கத்துக் கடைக்காரரின் கிணற்றில் வாசம் வர ஆரம்பித்திருந்தது. அவரிடம் ஏற்கெனவே ஒரு சாதாரணப் பொறுப்புக் காப்புறுதி இருந்தது. அந்த வகைப் பத்திரங்கள் திடீரென்று, எதிர்பாராமல் நடக்கும் மாசுக்கு மட்டுமே பணம் கட்டும். தாங்கி வெடித்தால் உண்டு, ஒழுகினால் இல்லை. மெதுவாகக் கெடுப்பதற்குத் தனிப் பத்திரம் வேண்டும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒழுகுறது என் டேங்கு. கெடுறது அவங்க கெணறு. அதுக்கு நான் எதுக்குங்க இன்சூரன்ஸ் கட்டணும்?"

"அதுக்குத்தாங்க கட்டணும்," என்றேன்.

"என் டேங்குக்கு ஒண்ணும் ஆகலையே."

பொறுப்புக் காப்புறுதி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த உரையாடலைத்தான் நான் சொல்வேன். பாடப்புத்தகங்கள் இதையே பல பக்கங்களில் சொல்கின்றன, இவ்வளவு தெளிவாக அல்ல. அவர் கடைசிவரை கட்டவில்லை. கிணற்றுக்காரர் கிணற்றை மூடினார்.

இனி அந்தக் கான்.

அதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கம்பெனியின் சார்பில் தோட்டத்தைப் பார்வையிட ஒரு பெரிய தொரை வருவார். அவர் வரும் செய்தி கிடைத்ததும் தோட்டமே தலைகீழாகும். கல்லுக்குச் சுண்ணாம்பு, மரத்துக்குச் சுண்ணாம்பு, அசையாமல் நின்றால் கங்காணிக்கும் சுண்ணாம்பு. தொழிற்சாலை மேலிருந்து கீழ்வரை கழுவப்படும். வெள்ளைக்காரன் போய்விட்டான், கழுவுவது போகவில்லை. யார் வந்தாலும் கழுவுவார்கள். அது மரியாதை. கழுவாத தொழிற்சாலையில் விருந்தாளியை ஏற்றுவது, அழுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுப்பது மாதிரி. இந்த மரியாதைக்கு வசதியாக எங்கள் கம்பெனியும் ஒரு விதி வைத்திருந்தது: பரிசோதனைக்குப் போகுமுன் வாடிக்கையாளருக்கு எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

அந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்துக்கு நான் வியாழக்கிழமை போவதாக அறிவித்திருந்தோம். வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் சுற்றாடல் காப்புறுதி கேட்கிறார்கள், சீக்கிரம் முடித்துத் தாருங்கள் என்று தோட்டத்துக் கம்பெனி அவசரப்படுத்தியது. புதன்கிழமை நானுஓயாவில் இருந்த வேலை முன்கூட்டியே முடிந்தது. மறுநாள் எப்படியும் அங்கேதானே போக வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டேன். அந்தத் தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், என் பெரியம்மா மகள் செல்வராணி அக்கா இருக்கிறார். பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், அவருக்கு வேலை. ஒரு இரவு தங்கலாம், அக்கா கையால் ரொட்டியும் சம்பலும் சாப்பிடலாம் என்பதே என் திட்டம். தொழில் நோக்கம் எதுவும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். பீலியடியில், அதாவது லயத்துக்குக் குழாய்த்தண்ணீர் வந்து விழும் இடத்தில், குடமும் வாளியும் எண்ணெய் டின்னுமாக நீண்ட வரிசை. முன்னால் அக்கா நின்றார்.

"என்னக்கா, கல்யாண வீடா? இவ்வளவு குடம்."

"கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. மேல ஃபேக்டரி கழுவப் போறாங்க. அதுக்கு முன்னுக்குப் புடிச்சு வைக்கணும். நிக்காத, ஒரு வாளிய எடு. டை கட்டுனவன் தூக்குனா வாளி கோவிச்சுக்காது."

எடுத்தேன். "ஃபேக்டரி கழுவுனா நல்லதுதானே?"

"நல்லதுதான், அவங்களுக்கு. கழுவுன தண்ணி எங்க போகுதுன்னு நெனச்ச?"

அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அக்கா எனக்கு முன்னால் அதைச் சம்பளமில்லாமல் கேட்டுவிட்டார்.

தண்ணீர் போகும் வழி இதுதான். தொழிற்சாலையின் கான் மலைச்சரிவில் இறங்கி ஓடையில் விழுகிறது. அதற்குக் கீழே ஓடையை மறித்து ஒரு சிறு தொட்டி. தொட்டியிலிருந்து குழாய். குழாயின் முடிவில் பீலி. அதாவது கீழ் லயம் குடிப்பது தொழிற்சாலையைத் தாண்டி வந்த தண்ணீரை.

"ஏன் இன்னைக்குன்னு பாத்துக் கழுவுறாங்க?"

"நாளைக்கு எவனோ இன்சூரன்ஸ்காரன் வர்றானாம். அதுக்கு முன்னுக்கு சர்ட்டிபிகேட்டு குடுக்குறோம்னு வெள்ளக்காரங்க வந்தாங்க. அதுக்கு முன்னுக்குக் கொழும்புக் கம்பெனிக்காரங்க. சுத்தமா இருக்கான்னு பாக்க எவன் வந்தாலும் எங்க தண்ணி நாறிப்போகுது. போன தடவ யாரும் சொல்லி அனுப்பல தம்பி. அந்தத் தண்ணியிலதான் புள்ளைங்களுக்குக் கஞ்சி வச்சேன். அத்தனையும் வாந்தி. டிஸ்பென்சரியில என்னைய நிக்க வச்சுக் கேக்குறாங்க, பழையது ஏதும் குடுத்தியான்னு. இவனுங்கல்லாம் வீட்டுல இருந்தா என்னவாம்?"

வாளியைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அந்த இன்சூரன்ஸ்காரன் நான்தான்."

வரிசையின் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு குடம் குடமாக முன்னால் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. நான் கீழே வைத்த வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நீ தூக்காத. ஒன்னைய வரவேக்கத்தானே இவ்வளவும் நடக்குது. போயி உக்காரு."

நான் உட்காரவில்லை. கான் வழியே மேலே ஏறினேன். பாதி வழியிலேயே தண்ணீர் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. சவர்க்காரத்தூள் நுரை, அதற்கு மேலே மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய். தொழிற்சாலையின் பின்னால் ஜெனரேட்டருக்கான டீசல் தாங்கி இருந்தது. தாங்கி உடைந்தால் எண்ணெய் வெளியே போகாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு சுவர் கட்டியிருந்தார்கள். முறையான சுவர், நான் பார்த்தவற்றில் நல்லது. ஆனால் அக்கரப்பத்தனையில் மழை பெய்யும் என்பதைச் சுவர் கட்டியவர் யோசிக்கவில்லை. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கும். தேங்கினால் கொசு வரும் என்று சுகாதாரப் பரிசோதகர் ஏசுவார். திறந்துவிட்டால் பாதுகாப்புப் போய்விடும் என்று காப்புறுதிக்காரன் ஏசுவான். ஆகவே தேங்கவிட்டு, அதில் தாங்கியடி எண்ணெயும் இயந்திரக் கழிவெண்ணெயும் மெல்ல மெல்லச் சேர்ந்தபின், யாராவது பார்வையிட வருவதற்கு முந்தின நாள் வால்வைத் திறந்து மொத்தத்தையும் கானுக்குள் விட்டு, உட்புறத்தைத் துடைத்துக் காயவைப்பது வழக்கமாகிவிட்டது. மறுநாள் வருகிறவன் உலர்ந்த சுவரைப் பார்த்துப் புளகாங்கிதம் அடைவான். ஓடைக்கு இறங்கிப் பார்த்தாலும் தண்ணீர் தெளிந்துதான் ஓடும். கெட்டது எல்லாம் முதல் நாளே கீழே போய்ச் சேர்ந்திருக்கும்.

திரும்பி வந்து பீலியில் ஒரு போத்தல் பிடித்துக்கொண்டேன்.

அன்று பொழுதுபட அக்கா ரொட்டி தட்டினார். முதலில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் மா பிசைந்தார் என்று நம்பிச் சாப்பிட்டேன். என் வேலையைச் சமாதானமாக விளக்கலாம் என்று முயன்றேன்.

"பாருக்கா, காப்புறுதி எடுக்கிறவங்க ஒரு தரப்பு. கொடுக்கிற நாங்க ஒரு தரப்பு. உங்களுக்குத் தீங்கு வந்தா உங்களுக்கும் பணம் கிடைக்கும். சட்டத்துல உங்களுக்கு மூன்றாம் தரப்புன்னு பேரு."

"தண்ணி குடிக்கிறது யாரு?"

"நீங்க."

"வாந்தி எடுக்கிறது யாரு?"

"புள்ளைங்க."

"அப்பறம் நாங்க எப்புடிடா மூணாவது?"

என் பரீட்சகர்கள் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் தோற்றுக்கொண்டிருப்பேன்.

வியாழன் காலையில் முன்வாசல் வழியாக, முறைப்படி, டை கட்டிப் போனேன். தொழிற்சாலையில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ராமையா வாசலில் நின்றார். பெரிய உழைப்பாளி. கண் சிவந்திருந்தது, கழுவிய களைப்பு. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை இளம் வயது சிங்களவர், தமிழ் தண்ணீராகப் பேசுவார். மூவருமாகச் சுற்றினோம். உலர்ந்த சுவருக்குப் பக்கத்தில் நின்று ராமையா என் முகத்தைப் பார்த்தார். பாராட்டு எதிர்பார்த்தார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

தொரையின் அறையில் தேநீர் வந்தது. நான் பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். மேலே மெல்லிய படலமாக எண்ணெய் மிதந்தது.

"என்ன இது?" என்றார் தொரை.

"நேத்து கீழ் லயத்துப் பீலியில புடிச்சதுங்க."

தொரை மூடியைத் திறந்து முகர்ந்தார். ராமையாவைப் பார்த்தார். ராமையா என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க வர்றீங்கன்னுதானே கழுவுனோம்," என்றார் ராமையா. குரலில் கோபமில்லை, மனம் நொந்திருந்தது. "வேற யாரும் இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்களா, சொல்லுங்க."

"இல்லீங்க. யாரும் வைக்கல."

"அப்பறம் என்ன கொறங்க?"

தொரை போத்தலை மூடி ஒதுக்கி வைத்தார். "மிஸ்டர் சிவா, நேத்து உங்க பரிசோதனை நாள் இல்ல. நேத்து நீங்க இங்க இல்ல. இன்னைக்குப் பாத்ததை எழுதுங்க. இந்த லயத்துக்கு வேற தண்ணி குடுக்கணும்னா பட்ஜெட்டு வேணும், கொழும்புல கேக்கணும், வருஷக்கணக்காகும். பொலிசி இந்த மாசம் வேணும்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒரு தொரை இருந்தார். அவருக்கும் மேலே தேயிலை வாங்குகிறவர் இருந்தார். எல்லோருக்கும் கீழே பீலி இருந்தது.

நான் எழுதினேன். மூன்று நிபந்தனை. கானில் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் குழி கட்ட வேண்டும். தாங்கிச் சுவருக்கு மேலே கூரை போட வேண்டும். கீழ் லயத்துக்குத் தண்ணீரைத் தொழிற்சாலைக்கு மேலே இருக்கும் ஊற்றிலிருந்து கொண்டுவர வேண்டும். பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் ஏற்கெனவே அங்கிருந்துதான் வருகிறது. இவை முடியும்வரை காப்புறுதி இல்லை.

குணதிலக்க சார் கண்ணாடியை இறக்கினார். ஆனால் எழுந்து நிற்கவில்லை. அறிக்கையை மனதுக்குள் வாசித்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது, கொழும்பிலிருந்து ஏற்கெனவே அழைப்பு வந்திருக்கிறது.

"இது திடீர் மாசா?" என்று கேட்டார்.

"இல்லை சார். எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து நடக்கிறது."

"மெதுவான மாசா?"

"அதுவும் இல்லை. நாம் போகும்போது மட்டும்."

"அப்படியானால் தெரிந்தே செய்வது. தெரிந்தே செய்வதற்கு எந்தப் பத்திரமும் பணம் கட்டாது."

"அதனால்தான் கொடுக்கக் கூடாது என்கிறேன். அவர்கள் கட்டுப்பணம் செலுத்துவார்கள், நாம் வாங்குவோம், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் விலக்கு விதியைக் காட்டிக் கைகழுவுவோம்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "நீ பரிசோதித்த நாளில் இடம் எப்படி இருந்தது? அதை மட்டும் எழுதலாமே. 'துப்புரவுப் பராமரிப்பு மிகச் சிறப்பு.' அது பொய்யில்லை."

"பொய்யில்லை சார். எழுதித் தருகிறேன். நீங்கள் எழுந்து நின்று அந்தக் குரலில் ஒரு தடவை வாசியுங்கள்."

சொன்னபின்தான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அவரோ, பழக்கதோஷம், எழுந்தே விட்டார். ஸ்வெட்டரை இழுத்துவிட்டு ஆரம்பித்தார்: "துப்புரவுப் பராமரிப்பு..." அங்கேயே நின்றார். எதிரே ஒரு தாய் வாந்தியெடுத்த பிள்ளையோடு சாட்சிக் கூண்டில் நிற்பதை அவரும் பார்த்திருக்க வேண்டும். உட்கார்ந்தார். என் அறிக்கையின் அடியில் 'நிபந்தனைகள் நிறைவேறும்வரை நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சிவா," என்றார், "இந்தக் கிளையில் உன்னைத் தவிர எல்லாவற்றுக்கும் காப்புறுதி இருக்கிறது. பார்த்து நட."

தோட்டத்துக் கம்பெனி எங்களை விட்டு வேறொரு காப்புறுதிக் கம்பெனிக்குப் போனது. நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காததைச் செய்தது நானே: ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், அறிக்கையில் எழுதியதை வரி வரியாகச் சொன்னேன். வாடிக்கையாளரின் இரகசியத்தை வெளியே சொல்வது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். தெரிந்தே சொன்னேன்.

"மேல ஊத்துலேருந்து கொழா போடலாமா?" என்று கேட்டார் அக்கா.

"போடலாம். இறக்கம்தானே, தண்ணி தானா வரும்."

"அப்ப முடியாதுன்னு இல்ல."

"இல்ல."

"அதச் சொல்லத்தான் ஒனக்கு இவ்வளவு படிப்பா," என்றார்.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அக்கா, ராமையா, புதிய கம்பெனியின் பரிசோதகர் மூவரும் தனித்தனியே சொன்னதில் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன். புதிய பரிசோதகருக்காகத் தொழிற்சாலையைக் கழுவப் போவதாகக் கீழ் லயத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அன்று பீலியடியில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஒரு குடம்கூடப் பிடித்து வைக்கவில்லை. மறுநாள் காலை, அவருடைய ஜீப் தொழிற்சாலை முற்றத்துக்குள் வந்தபோது, கீழ் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் குடமும் வாளியும் டின்னுமாகத் தொழிற்சாலையின் முன்பக்கக் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கழுவித் துடைத்த சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது என்ன?" என்று கேட்டாராம் பரிசோதகர்.

"தண்ணி புடிக்கிறாங்க சார்," என்றாராம் ராமையா. அந்த மனிதருக்குப் பொய் வராது.

"இங்கயா?"

அக்கா முன்னால் போயிருக்கிறார். "நீங்க வர்ற நாளுல எங்களுக்குக் கீழ தண்ணி இல்லீங்க. நீங்க போற வரைக்கும் இங்கதான் புடிப்போம். நீங்க ஒங்க வேலையப் பாருங்க, நாங்க மறைக்கல."

தொரை மேலேயிருந்து இறங்கி வந்தார். கத்தவில்லையாம். வரிசையைக் கடைசிவரை பார்த்துவிட்டு, தரையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, பரிசோதகரை உள்ளே அழைத்துப் போனாராம். அந்தப் பரிசோதகர் எனக்கு ஓரளவு பழக்கம். 'ஓரளவு' என்று எழுதிவிட்டேன். குணதிலக்க சார் மன்னிக்கட்டும். "கண்ணு முன்னுக்கு நிக்கிறாங்க, எப்படிப்பா எழுதாம விடுறது," என்றார் பின்னர் என்னிடம். அவர் கம்பெனியும் குழியும் கூரையும் கேட்டது, குழாய் போடாமல் காப்புறுதி இல்லை என்றது. வருஷக்கணக்காகும் என்ற பட்ஜெட்டு அந்த மழைக்காலம் முடியுமுன் கிடைத்துவிட்டது. ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் தொழிற்சாலையைச் சுற்றிக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கியது.

என் மேல் விசாரணை வைத்தார்கள். கொழும்பிலிருந்து இருவர், நடுவில் குணதிலக்க சார். பரிசோதனை அறிக்கையின் உள்ளடக்கத்தை வெளியாருக்குச் சொன்னீரா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றேன். யாருக்கு? அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு. நீர் சொன்ன பெண் உமக்கு உறவா? பெரியம்மா மகள். உறவாக இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பீரா? கொஞ்சம் யோசித்தேன். உறவாக இல்லாவிட்டால் எனக்கு ரொட்டி கிடைத்திருக்காது, ஆனால் சொல்லியிருப்பேன் என்றேன். கொழும்புக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடலாம் என்றார்கள். எதற்கு வருந்த வேண்டும் என்று சொன்னால் எழுதுகிறேன் என்றேன். அவர்கள் சொல்லவில்லை. நான் எழுதவில்லை.

மோட்டார் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஹட்டனில் முச்சக்கர வண்டிகளின் மட்கார்ட் நசுங்கலை அளந்தே என் தொழில்வாழ்க்கை ஓடியது. மட்கார்ட்டும் ஒரு கலைதான். அதைப் பற்றி யாரும் ஐந்து பாயிண்ட் கேட்கவில்லை. சலித்துப்போய், வயது வருமுன்னே ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

இளம் அலுவலர்களே, இதில் நான் வென்றேன் என்று எழுதி முடித்தால் உங்கள் கையேட்டுக்கு அழகாக இருக்கும். வென்றது குடங்கள். அதுவும் பாதிதான். கீழ் லயத்துக்கு நல்ல தண்ணீர் வந்தது. எண்ணெயைப் பிரிக்கும் குழி வரவில்லை. பெண்கள் முற்றத்தைவிட்டுப் போனதும் அந்த நிபந்தனையும் போய்விட்டது. கூரை மட்டும் போட்டார்கள், தகரத்தில். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. ஓடை கீழ் லயத்தோடு நிற்பதில்லை. அதற்குக் கீழே சிங்களக் கிராமத்தார் கரட்டும் லீக்ஸும் போட்டிருக்கிறார்கள். அந்த ஓடையில்தான் இறைக்கிறார்கள், மரக்கறி கழுவுகிறார்கள். அதை நுவரெலியாச் சந்தையில் நீங்கள்தான் வாங்குகிறீர்கள்.

போன மாதம் அக்காவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்கு நடந்தேன். மரக்கறித் தோட்டக்காரர் ஒருவரிடம், மேலே கழுவும்போது தண்ணீர் எப்படி இருக்கும் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் லீக்ஸ் கட்டு ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். அக்கா அதை வாங்கி முகர்ந்துவிட்டுச் சொன்னார்:

"எங்களுக்கு இருந்த அதே வாசம்தான். இவங்களுக்கு மேல ஊத்தும் இல்ல, கொழா போட."

எனக்கு இப்போது அடையாள அட்டை இல்லை, டை இல்லை, அறிக்கை எழுதச் சொல்ல ஆளில்லை. ஆனால் பஸ் ஓடுகிறது. தொழிற்சாலைக்குப் போனேன். ராமையா ஓய்வுபெற்றுவிட்டார், புதிய டீமேக்கர் மரியாதையாக விசாரித்தார். எண்ணெய்க் குழி பற்றிக் கேட்டேன். கட்டுவோம் என்றார். எப்போது என்றேன். பார்ப்போம் என்றார். திரும்ப வந்து பார்க்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"தாராளமா வாங்கய்யா. என்னைக்குன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. எல்லாத்தையும் நல்லா கழுவி வச்சிருக்கோம்."

திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை போகமாட்டேன். முந்தின நாளே, அவர்கள் கழுவும்போதே போவேன்.